சொல்லாமற் சொல்வது

சென்ற வாரம் நம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கில வாக்கியங்கள் சிலவற்றைத் தமிழாக்கும் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தோம். ஒரு படைவீரன் தன் தலைவன்மீது 'இம்ப்ளிஸிட் பெய்த்' கொண்டிருந்தான் என்பது அவற்றுள் ஒன்று. பெரும்பாலோர் அகராதியைப் புரட்டி, 'அவன் தன் தலைவன்மீது மறைமுகமான நம்பிக்கை கொண்டிருந்தான்' என்று எழுதிவிட்டார்கள். மறைமுக வரியைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மறைமுக நம்பிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. தலைவனை நம்புவதை அத்தலைவனுக்கே தெரியாமல் ஒளித்து வைத்த வீரன் எந்தப் படையிலே இருந்தானோ!

சிரித்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள்மீது முழுப் பழியையும் போட மனம் வரவில்லை. அகராதியிலே முதற்கண் நின்ற பொருளைத்தானே அவர்கள் எடுத்தாண்டார்கள்? அச்சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட்டோம். குற்றம் பாதிக்குமேல் நம்முடையது.

ஆதலின் இவ்வாரம் அந்தச் சொல்லையே ஆராய எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு இடம் வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லப்படாத ஒரு சொல்லைப் பிறர் எவ்வாறு பொருள் கொண்டார்கள் என்பதில் ஒரு பெண்ணின் வாழ்வே அடங்கியிருந்ததை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

லத்தீன் மொழியிலே 'பிளிகாரே' என்றால் மடித்தல். 'இம்ப்ளிகாரே' என்றால் உள்ளே வைத்து மடித்தல். 'எக்ஸ்ப்ளிகாரே' என்றால் மடிப்பைப் பிரித்து விரித்துக் காட்டுதல். இவற்றினின்று பிறந்தவையே ஆங்கிலத்தின் 'இம்ப்ளிஸிட்', 'எக்ஸ்ப்ளிஸிட்' என்னும் இரட்டையர். வெற்றிலைக்குள் பாக்கை வைத்து மடித்துக் கொடுத்தால் வெளியே தெரிவது வெற்றிலை மட்டுமே. மென்றவனுக்குப் பாக்கும் தெரியும். 'இம்ப்ளிஸிட்' என்பது மடித்த வெற்றிலை. 'எக்ஸ்ப்ளிஸிட்' என்பது தட்டிலே பரப்பிய தாம்பூலம். விடையைக் குறிக்கும் 'ரிப்ளை', சிக்கலாக்குதலைக் குறிக்கும் 'காம்ப்ளிகேட்' ஆகியவையும் இதே வேரில் தோன்றியவை. முன்னது திருப்பி மடித்தது. பின்னது பலவற்றைச் சேர்த்து மடித்தது.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் இலக்கணத்திலே 'தொகை' என்பது என்ன? ஒன்றை உள்ளே அடக்கி வெளியே தோன்றாமல் நிற்கச் செய்வதே அன்றோ? தருமபுரிச் சந்தையிலே 'புளிமூட்டை' என்கிறோம். வீட்டிலே 'கேழ்வரகுக் களி' என்கிறோம். புளியை உடைய மூட்டை, கேழ்வரகினால் ஆகிய களி என்று விரித்துச் சொல்வார் யாரும் இல்லை. முன்னதிலே 'ஐ' உருபும் 'உடைய' என்னும் பயனும், பின்னதிலே 'ஆல்' உருபும் 'ஆகிய' என்னும் பயனும் தொக்கி நிற்கின்றன. அமைப்பிலே இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும், புளியினாற் செய்த மூட்டை என்று எந்தக் குழந்தையும் பொருள் கொள்வதில்லை. சொல்லாத பகுதியைக் கேட்பவன் தானே நிரப்பிக்கொள்கிறான். இலக்கணப் பாடத்திலே 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று நெட்டுருச் செய்யும் மாணவனுக்கு, தான் நாள்தோறும் அதைப் பேசிக்கொண்டிருப்பது தெரியாது.

இனி, அச்சொல்லின் இரண்டாம் முகத்தைப் பார்ப்போம். 'இம்ப்ளிஸிட் பெய்த்' என்பது முதலிலே கிறிஸ்தவ சமயவாதிகளின் வழக்கு. திருச்சபையின் கோட்பாடுகள் அனைத்தையும் ஒருவன் தனித்தனியே கற்றறிய முடியாது. திருச்சபையை நம்புகிறேன் என்று அவன் சொல்லிவிட்டால், அதன் ஒவ்வொரு கோட்பாட்டையும் நம்பும் நம்பிக்கை அந்த ஒரு நம்பிக்கைக்குள் மடிந்து கிடப்பதாகக் கொள்ளப்பட்டது. நாளடைவிலே, உள்ளே இருப்பதைப் பிரித்துப் பாராமல் நம்புதல் என்பதே அதன் பொருளாயிற்று. அங்கிருந்து, கேள்வி கேளாத, ஐயமற்ற, முழுமையான என்னும் பொருள் கிளைத்தது. ஆகவே அந்தப் படைவீரனுடைய நம்பிக்கை மறைமுகமானதன்று. ஐயத்துக்கே இடம் வையாத முழு நம்பிக்கை. 'இம்ப்ளிஸிட் ஒபீடியன்ஸ்' என்பதும் இவ்வாறே. மறுவார்த்தை பேசாத கீழ்ப்படிதல் என்பது அதன் பொருள். கருத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'உட்கிடை' என்றும், நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் பற்றிப் பேசும் இடத்தில் 'ஐயமற்ற' என்றும் தமிழாக்கினால் பிழை நேராது.

இதனோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 'இம்ப்ளை' என்பதும் 'இன்பெர்' என்பதும் ஒன்றென்று பட்டதாரிகளே எண்ணுவதுண்டு. மடித்துக் கொடுப்பவன் செயல் முன்னது. பிரித்துப் பார்ப்பவன் செயல் பின்னது. பேசுபவன் குறிப்பாய் உணர்த்துகிறான், கேட்பவன் உய்த்துணர்கிறான். இந்த வேற்றுமை சிறிதென்று தள்ளத்தக்கதன்று. கொடுத்தவன் மடியாத ஒன்றை, பெற்றவன் தானே உள்ளே வைத்துக்கொண்டு, 'அவன் தந்தான்' என்று சாதிக்கவும் கூடுமல்லவா? உலகத்துச் சண்டைகளிற் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

குறிப்பாற் பேசும் கலைக்கு இலக்கணம் தேடி நாம் அதிக தூரம் போக வேண்டுவதில்லை. தருமபுரியே பழைய தகடூர்; அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து பெருமிதத்தோடு காட்டினான். ஔவையார் அவற்றைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையிலே அழகாக இருக்கின்றன என்றார். எங்கள் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. கேட்கும் செவிக்குத் தொண்டைமானின் படை புகழப்பட்டது. கேட்கும் அறிவுக்கோ, 'உன் வேல்கள் போர்க்களத்தைக் கண்டதில்லை. எங்கள் வேல்களுக்கு ஓய்வே இல்லை' என்பது விளங்கிவிட்டது. தூதர்க்குரிய மரியாதையும் கெடவில்லை. சொல்ல வேண்டியதும் விட்டுப்போகவில்லை.

இத்தகைய பேச்சை ஆராய்ந்து, 1967-ஆம் ஆண்டில் பால் கிரைஸ் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று சுவையானது. தத்துவ ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த மாணவன் ஒருவனுக்கு அவனுடைய பேராசிரியர் நற்சான்று எழுதுகிறார்: அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்; வகுப்புக்கு ஒழுங்காக வந்தான். அவ்வளவே, தத்துவத்திலே அவன் திறமை எப்படி என்று ஒரு சொல்லும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்திலே சொல்லாமல் விட்டமையே, 'இவனுக்குத் தத்துவம் வராது' என்று உரக்கச் சொல்லிவிடுகிறது. இதற்கு அவர் 'இம்ப்ளிகேச்சர்' என்று புதுப்பெயர் சூட்டினார். ஔவையாரின் பாட்டும் அந்தச் சான்றிதழும் ஒரே நெறியிலே செல்வதைக் காண்க.

தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இதனை வகுத்தார். கழனியிலே பூவை மிதித்து மேயும் எருமையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசித் தலைவனின் ஒழுக்கத்தை இடித்துரைப்பது அகப்பாட்டுக்களின் வழக்கம். வள்ளுவரோ 133 அதிகாரங்களில் இரண்டுக்குக் 'குறிப்பறிதல்' என்று ஒரே பெயரை இட்டார். ஒன்று பொருட்பாலில் 71-ஆவது. மற்றொன்று இன்பத்துப்பாலில் 110-ஆவது. அரசவையிலும் காதலர் நடுவிலும் ஒரே திறமை வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். அத்தலைப்பு 'குறிப்புணர்த்துதல்' அன்று, 'குறிப்பறிதல்' என்பதை நேயர்கள் நோக்க வேண்டும். வள்ளுவர் பொறுப்பைக் கேட்பவன் தலைமீது வைத்தார்.

இனி, இச்சொல்லுக்கு உறவான 'டாஸிட்' என்பதையும் பார்ப்போம். இதற்கு வேர் மடித்தலன்று, மௌனம். 'டாஸிடஸ்' என்றால் லத்தீனில் பேசாதிருப்பவன் என்று பொருள். ரோமாபுரியின் பெரிய சரித்திராசிரியர் ஒருவருக்கு அதுவே பெயராய் அமைந்தது வேடிக்கைதான். இந்தச் சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, சொல்ல முடியாத அறிவு. களி கிண்டும் பாட்டியிடம், தண்ணீர் எவ்வளவு, மாவை எப்போது கொட்டுவது, எத்தனை நேரம் கிண்டுவது என்று கேட்டுப் பாருங்கள். 'பதம் பார்த்துத்தான்' என்பாள். அந்தப் பதம் அவள் கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மைக்கேல் போலான்யி, நாம் சொல்லக்கூடியதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்பதை 1966-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே விரித்துரைத்தார். நம் பாட்டிமார் அந்நூலைப் படித்திருந்தால் இதிலே என்ன புதுமை என்று கேட்டிருப்பார்கள்.

மற்றொரு வழக்கு, சொல்லாமல் தரும் சம்மதம். 'மௌனம் சம்மதம்' என்று நாம் சொல்வது இதனையே. சட்டமும் ஓரளவு இதனை ஒப்புக்கொள்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, சொல்லால் ஆன வாக்குறுதி வெளிப்படை என்றும், சொல்லல்லாத வகையால் ஆன வாக்குறுதி உட்கிடை என்றும் பிரிக்கிறது. தேநீர்க்கடைத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தவன், 'காசு கொடுப்பேன் என்று நான் சொன்னேனா?' என்று வாதாட முடியாது. கடித்ததே வாக்குறுதி.

ஆனால் அதே சட்டம் அங்கே நின்றுவிடவில்லை. இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றால்தான் சம்மதம் என்கிறது 13-ஆம் பிரிவு. வற்புறுத்தல், முறையற்ற செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, தவறு ஆகியவற்றால் விளையாத சம்மதமே சுதந்தரமான சம்மதம் என்கிறது 14-ஆம் பிரிவு. ஒருவர் மனத்தை மற்றவர் அடக்கியாளும் நிலையில் இருந்துகொண்டு, அந்நிலையைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் பெறுவதே முறையற்ற செல்வாக்கு என்று 16-ஆம் பிரிவு விளக்குகிறது. மாடு விற்பதற்கும் நிலம் விற்பதற்கும் சட்டம் இவ்வளவு பார்க்கிறது. நம் வீட்டுக் கூடங்களிலே நாம் இவ்வளவு பார்க்கிறோமா?

முன்னர்ச் சொல்வதாகச் சொன்ன செய்தி இதுதான். சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பிலே நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினாள். மேல்வகுப்பிலே சேர வரவில்லை. விசாரிப்பதற்காக அவளுடைய சிற்றூருக்குச் சென்றோம். வீட்டிலே தகப்பனார், பாட்டி, தாய்மாமன் மூவரும் இருந்தார்கள். தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. பெண் கதவோரம் நின்றாள்.

"அவளைக் கேட்காமல் செய்யவில்லை, சார்" என்றார் தகப்பனார். "'சரிதானே அம்மா?' என்று கேட்டோம். ஒன்றும் பேசவில்லை. மௌனம் சம்மதம்தானே?"

நமக்குச் சட்டென்று மறுமொழி தோன்றவில்லை. பிறகு, "வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் வாய் திறக்குமுன் பாட்டி குறுக்கிட்டாள்: "அவள் எப்படிச் சொல்வாள்? நான் சொன்னேனா? என் மகள் சொன்னாளா?"

அந்த மூதாட்டி தன் கட்சிக்கு வலுத்தேடவே அவ்வாறு சொன்னாள். ஆனால் அதற்குள் மடிந்திருந்த செய்தி வேறு. மூன்று தலைமுறையாக அந்தக் கூடத்திலே பெண்கள் பேசவில்லை. பேச இடமில்லாததால் பேசவில்லை. அந்தப் பேசாமையைத்தான் எல்லோரும் சம்மதம் என்று எழுதிவந்திருக்கிறார்கள். பாட்டியின் முகம் சற்றே மாறியது. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டாள் போலும்.

பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வித்தல் 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதைத் தகப்பனாருக்குத் தெளிவாகச் சொன்னோம். அதோடு ஒரு வேண்டுகோளும் விடுத்தோம்: "ஐயா, 'சரிதானே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள் விடையை நீங்களே வைத்து மடித்துவிட்டீர்கள். 'படிக்கிறாயா, கல்யாணம் செய்துகொள்கிறாயா?' என்று கேளுங்கள். எந்த விடை சொன்னாலும் கோபிக்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள்."

அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு அவ்வாறே கேட்டார். "படிக்கிறேன், அப்பா" என்றாள் அவள். இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களும் அவள் நெஞ்சிலே எத்தனை நாளாகக் கிடந்தனவோ!

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அதன் பின்னர் நடந்தது அவள் கதை; அதைச் சொல்லும் உரிமை அவளுடையது.

மௌனம் எல்லாம் தீமை என்று நாம் சொல்ல வரவில்லை. இதே தகடூரிலே இன்னொரு மௌனமும் உண்டு. உயர்ந்த மலைச்சரிவிலே அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் ஔவையாருக்குக் கொடுத்தான். உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்னும் அதன் பயனை வாய்விட்டுச் சொல்லாமல் தன் நெஞ்சுக்குள்ளே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்று அவரே பாடினார். சொல்லியிருந்தால் ஔவையார் அதனை அவனுக்கே திருப்பிக் கொடுத்திருப்பார். அவன் மௌனம், பேசும் ஆற்றலும் உரிமையும் உடைய ஒருவன் பிறர் நன்மைக்காகத் தானே மேற்கொண்ட மௌனம். கதவோரத்துப் பெண்ணின் மௌனமோ, பிறர் அவள்மீது சுமத்திய மௌனம். முன்னதிலே மடித்தவன் ஒருவன் உண்டு; உள்ளே ஒரு கனியும் உண்டு. பின்னதிலே அவள் எதையும் மடித்துக் கொடுக்கவில்லை. சம்மதத்தை உள்ளே வைத்தவர்கள் மற்றவர்கள். எனவே ஒருவருடைய மௌனத்துக்குப் பொருள் காணுமுன், அவர் பேசியிருக்கக்கூடுமா என்று பார்ப்பதே குறிப்பறிதலின் முதற்பாடம்.

பிறருக்கு இதை உபதேசிக்கும் நாமும் இக்குற்றத்துக்கு ஆளானவர்களே. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், 'எல்லோருக்கும் புரிந்ததா?' என்று கேட்டுவந்திருக்கிறோம். வகுப்பு மௌனமாயிருக்கும். புரிந்தது என்று பொருள் கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம். தேர்வுத்தாள் வந்த பிறகே அம்மௌனத்தின் பொருள் வேறென்று தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து திரும்பிய நாள்முதல் கேள்வியை மாற்றிக்கொண்டோம். 'இதிலே விளங்காதது எது? ஒருவராவது சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். முதலிலே சிறிது நேரம் சங்கடமாயிருக்கும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்.

இந்த வாரமும் அவ்வாறே நடந்தது. படைவீரனுடைய வாக்கியத்தை மீண்டும் கரும்பலகையிலே எழுதி, மடிப்பின் கதையைச் சொல்லி, 'ஐயமற்ற நம்பிக்கை' என்று திருத்திக் கொடுத்தோம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் எழுதாமல் எழுந்து நின்றான்.

"சார், ஒருவரை ஐயமே இல்லாமல் நம்புவது நல்லதா?"

வகுப்பிலே சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அவனுக்கு என்ன விடை சொன்னோம் என்பது இருக்கட்டும். நேயர்கள் தத்தம் வீட்டிலே அதைப் பேசிப் பார்க்கலாம். அவன் அந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் மடித்து வைத்துக்கொள்ளாமல், எழுந்து நின்று வாய்விட்டுக் கேட்டான். அன்றைய பாடம் புரிந்தது என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.